சட்டத்தைச் சமூகத்துக்குள் வைத்துப் படிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சட்டச் சமூகவியல் படிக்கிறேன் என்று சொன்னால் முதலில் வரும் கேள்வி, "அப்ப நீங்க வக்கீலா?" அடுத்தது, "எங்க இடத்துல ஒரு வில்லங்கம் இருக்கு, பார்த்துச் சொல்ல முடியுமா?" இரண்டுக்கும் இல்லை என்றதும் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு ஏமாற்றம் தெரியும். அதைத் தாண்டியும் கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

சட்டக் கல்லூரியில் சொல்லித்தருவதும் இதுவும் ஒன்றுதானே?

பாடப்பொருள் ஒன்று, கேள்வி வேறு. இந்த விவகாரத்தில் சட்டம் என்ன சொல்கிறது, எந்தப் பிரிவு பொருந்தும், எந்தத் தீர்ப்பு துணைக்கு வரும் என்று சட்டக் கல்லூரி கேட்கும். சட்டம் இப்படிச் சொல்லிவிட்ட பிறகு யார் என்ன செய்கிறார்கள் என்று நாங்கள் கேட்போம்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு, இருசக்கர வாகனத்தில் போகிறவர் ஹெல்மெட் அணிய வேண்டும் என்கிறது. பெட்ரோல் டேங்க் மேல் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு வருகிறவர், தூரத்தில் போலீஸ் தெரிந்ததும் எடுத்து மாட்டுகிறார். தாண்டியதும் பழையபடி டேங்க் மேல். அவருக்குச் சட்டம் தெரியாது என்று சொல்ல முடியாது, நன்றாகவே தெரியும். ஆனால் அவரைப் பொறுத்தவரை அந்தச் சட்டத்தின் நீளம் இருநூறு மீட்டர். அந்த இருநூறு மீட்டரை அளப்பதுதான் எங்கள் வேலை.

'சமூக நிறுவனம்' என்கிறீர்களே, சட்டம் என்ன கம்பெனியா?

சொல் கொஞ்சம் இடறத்தான் செய்கிறது. தமிழில் நிறுவனம் என்றால் போர்டு மாட்டிய அலுவலகம்தான் நினைவுக்கு வரும். சமூகவியலில் குடும்பம், திருமணம், சாதி, சந்தை எல்லாமே நிறுவனங்கள். ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தாலும் பழக்கமும் பொறுப்புகளும் எதிர்பார்ப்புகளும் மாறாமல் நிற்கிற ஏற்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டமும் அப்படிப்பட்ட ஒன்று.

எந்தத் தாலுகா கோர்ட்டிலும் காலை பத்தரைக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். டவாலி வாசலுக்கு வந்து பெயரைக் கூப்பிடுகிறார். கூப்பிடப்பட்டவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஓடுகிறார். செருப்பைக் கழற்று என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கூண்டில் நிற்பவர், கேட்காமலே கையைக் கட்டிக்கொள்கிறார். வக்கீல் ஒரு வரி பேசுகிறார், தேதி சொல்லப்படுகிறது, முடிந்தது. வெளியே வந்ததும் குமாஸ்தாவிடம் கேட்கிறார்: "என்னங்க சொன்னாங்க?" குமாஸ்தா சொல்கிறார்: "வாய்தா."

அந்த ஒரு சொல்லுக்குள் ஒரு நாள் கூலி, பஸ் கட்டணம், வக்கீல் ஃபீஸ், எதிர்த்தரப்பின் நிம்மதி எல்லாம் இருக்கின்றன. சட்டத் தமிழில் அதற்குப் பெயர் 'ஒத்திவைப்பு'. கேட்க எவ்வளவு சாதுவாக இருக்கிறது பாருங்கள்.

ஒரே ஒரு உதாரணத்தை வைத்து முழுதாக விளக்க முடியுமா?

முடியும். பெண்களின் சொத்துரிமையை எடுத்துக்கொள்வோம்.

முதலில் சட்டப் பக்கம். பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் சொந்தச் சம்பாத்தியத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்றது. பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை மட்டும் ஆண்வழியிலேயே நின்றது. தமிழ்நாடு அதையும் 1989-இல் மாற்றியது. பிறப்பிலேயே மகளுக்கும் பங்குரிமை உண்டு, ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன்பே கல்யாணமான பெண்களுக்குக் கிடையாது. 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுமைக்குமான மத்தியத் திருத்தம் அந்தக் கல்யாண நிபந்தனையையும் எடுத்துவிட்டது. அந்த நாளில் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தை, வேண்டியதில்லை என்று சொல்லி 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. ஏட்டளவில் கதை இங்கே முடிந்துவிட்டது.

இப்போது பத்திர ஆபீசுக்கு வாருங்கள். நான் சில வாரங்கள் ஒரு பத்திர ஆபீஸ் வாசலில், பத்திர எழுத்தர் ஒருவரின் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் ஒரு குடும்பம் வேனில் வந்து இறங்கியது. இரண்டு அண்ணன் தம்பிகள், மூன்று அக்கா தங்கைகள். தகப்பன் காலமாகி ஒரு வருஷம். அக்கா தங்கைகள் மூவரும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வந்திருந்தார்கள். விடுதலை என்றதும் சிறையை நினைக்க வேண்டாம். சொத்தில் தன் பங்கைச் சகோதரர்களுக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரத்துக்குப் பெயர் அதுதான்.

பத்திரத்தில் வழக்கமான வரிகள்: "எவ்விதக் கட்டாயமும் தூண்டுதலும் இன்றி, முழு மனச் சம்மதத்துடன்" என்று தொடங்கி, "இனி எனக்கோ என் வாரிசுகளுக்கோ எவ்விதப் பாத்தியதையும் பின்தொடர்ச்சியும் இல்லை" என்று முடிகிறது. மூத்தவருக்கு அதைப் படித்துக் காட்டியபோது, எழுத்தரைப் பார்த்து, "கட்டாயம்லாம் ஒண்ணுமில்லப்பா. நாளைக்கு என் பேத்திக்குக் காது குத்துனா தாய்மாமன் வீட்டுச் சீர் வரணும்ல?" என்றார்.

கேமரா முன் உட்கார்ந்தார்கள், கைரேகை வைத்தார்கள், சார் பதிவாளர் "சம்மதம்தானே?" என்று கேட்டார், தலையாட்டினார்கள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. முடிந்ததும் தம்பி எல்லோருக்கும் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தார்.

அந்தப் பத்து நிமிடத்தில் எத்தனை சட்டங்கள் வேலை செய்தன என்று எண்ணிப் பாருங்கள். வாரிசுரிமைச் சட்டம் ஒன்று. பதிவுச் சட்டம் ஒன்று. குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையில் சலுகை தந்து உச்சவரம்பும் வைத்திருக்கிறது அரசு. ஒரு கையால் பங்கைக் கொடுத்துவிட்டு, மறு கையால் அதை விட்டுக்கொடுக்கும் வழியை மலிவாக்கியும் வைத்திருக்கிறது. அப்புறம் எங்கும் அச்சாகாத இன்னொரு சட்டம்: பங்கு கேட்ட பெண்ணுக்குப் பிறந்த வீட்டு வாசல் அடைபடும், விட்டுக்கொடுத்தவளுக்குத் தீபாவளிச் சீரும் தாய்மாமன் முறையும் நடக்கும். அன்று எல்லாவற்றையும்விட வலுவாக நின்றது இந்தக் கடைசிச் சட்டம்தான்.

நிலமும் பெண்களும் பற்றி விரிவாக ஆராய்ந்த பொருளியலாளர் பினா அகர்வால் இதை 1990-களிலேயே எடுத்துச் சொன்னார். பெண்கள் பங்கை விடுவது அறியாமையால் என்று நினைத்துவிடக் கூடாது. கணவன் வீட்டில் ஏதாவது ஆனால் போய் நிற்க ஓர் இடம் வேண்டுமே என்ற கணக்கு அதில் இருக்கிறது. சகோதரன்தான் அந்தக் காப்பீடு. பங்கு அதற்குக் கட்டும் பிரீமியம்.

அப்படியானால் சட்டம் தோற்றுப்போனது என்றுதானே அர்த்தம்?

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். எழுத்தர்தான் திருத்தினார். "எங்க அப்பா காலத்துல பொண்ணுங்களை வண்டி வச்சுக் கூட்டிட்டு வர்ற வேலையே இல்ல சார். இப்ப கையெழுத்து இல்லாம பேங்க்காரன் லோன் தரமாட்டேங்குறான், வாங்குறவன் அட்வான்ஸ் தரமாட்டேங்குறான்" என்றார்.

மகளின் கையெழுத்து இன்றைக்குத் தேவைப்படுகிறது, அதனால் அதற்கு ஒரு விலையும் வந்துவிட்டது. சில வீடுகளில் ரொக்கமாகத் தருகிறார்கள், சில வீடுகளில் நகை, சில இடங்களில் ஒரு சென்ட் மனை. கோர்ட் வாசலை மிதிக்காமலேயே, "கேஸ் போட்டால் என்ன ஆகும்" என்ற நினைப்பை நடுவில் வைத்துக்கொண்டு பேரம் நடக்கிறது. சட்டத்தின் நிழலில் நடக்கும் பேரம் என்று இதை 1979-இல் அமெரிக்காவின் விவாகரத்து வழக்குகளை வைத்து ம்நூக்கின், கோர்ன்ஹவுசர் என்ற இருவர் விளக்கினார்கள். வேனில் வந்த அந்த மூன்று பெண்களும் அந்த நிழலில்தான் நின்றார்கள். அவர்கள் என்ன வாங்கிக்கொண்டார்கள் என்பது பத்திரத்தில் இருக்காது. அதனால்தான் பத்திரத்தை மட்டும் படிக்காதீர்கள் என்கிறோம்.

எழுதப்படாத வழக்கத்தையும் 'சட்டம்' என்று சொல்லலாமா?

இந்தத் துறையின் பழைய சண்டையே இதுதான். ஆஸ்திரியப் பேரரசின் கிழக்கு மூலையில், இன்று உக்ரைனில் இருக்கும் செர்னிவ்ட்சி நகரில், ஆய்கன் எர்லிக் என்ற சட்டப் பேராசிரியர் இருந்தார். அந்த வட்டாரத்தில் ருமேனியர், ருத்தேனியர், யூதர், ஜெர்மானியர், ஆர்மீனியர் என்று பல இனத்தார். எல்லோருக்கும் 1811-இல் வந்த ஒரே ஆஸ்திரிய சிவில் சட்டம். அதன்படி பிள்ளை சம்பாதித்தது பிள்ளைக்கே. ஆனால் அங்குள்ள விவசாயக் குடும்பங்களில் பிள்ளையின் சம்பாத்தியம் தகப்பன் கையில்தான் இருந்தது. மாற்றிச் செய்யலாம் என்று யாருக்கும் தோன்றக்கூட இல்லை. மக்கள் உண்மையில் கட்டுப்பட்டு நடக்கும் இதை 'வாழும் சட்டம்' என்றார் எர்லிக். 1913-இல் வந்த அவருடைய நூலுக்குப் பிறகு அந்தச் சொல் நிலைத்துவிட்டது.

எல்லாவற்றையும் சட்டம் என்று சொன்னால் மரியாதைக்கும் வழக்கத்துக்கும் சட்டத்துக்கும் வேறுபாடே இல்லாமல் போகாதா என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பெயர் எதுவானாலும் சரி, ஒரே ஆள் ஒரே நேரத்தில் பல கட்டளைகளுக்குக் கீழே நிற்கிறான் என்பதைப் பார்க்கத் தவறக் கூடாது. என் அளவில் அது போதும்.

அப்படியென்றால் ஊர்ப் பஞ்சாயத்தை ஆதரிக்கிறீர்களா?

இல்லை. இருக்கிறது என்று சொல்வதும் இருக்கட்டும் என்று சொல்வதும் வேறு வேறு. வாய்க்கால் தண்ணீர் முறை, ஆடு மேய்ந்த தகராறு ஆகியவற்றை ஊர் பெரியவர்கள் உட்கார்ந்து ஒரு மாலையில் முடித்துவிடுகிறார்கள். கோர்ட்டில் அதற்குப் பத்து வருஷம் ஆகலாம். அதே ஊர், சாதி மாறிக் காதலித்தவர்களை ஒதுக்கிவைக்கும், அபராதம் போடும், அதைவிடக் கொடியதும் செய்யும். கட்டப்பஞ்சாயத்துகள் முழுக்கச் சட்டவிரோதமானவை என்று 2011-இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் கடுமையாகவே சொன்னது. பஞ்சாயத்தில் யார் திண்ணையில் உட்காருகிறார்கள், யார் கீழே நிற்கிறார்கள், எந்தத் தெருக்காரர்களுக்கு அழைப்பே போகவில்லை என்று பாருங்கள். தீர்ப்பு என்னவாக இருக்கும் என்பது பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

வழக்கம் சட்டமாக மாறிய கதைகள் உண்டா?

இரண்டு சொல்கிறேன், இரண்டும் தமிழர் கதைகள்.

புரோகிதர் இல்லாமல், சடங்கு இல்லாமல் சுயமரியாதைத் திருமணங்கள் 1920-களின் பிற்பகுதியிலிருந்து நடந்துவந்தன. ஊரறிய மாலை மாற்றி, மேடையில் பேசி, சாப்பாடு போட்டு நடந்த கல்யாணங்கள். ஆனால் 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம், இது சாஸ்திரப்படியும் இல்லை, தொன்றுதொட்ட வழக்கமும் இல்லை, எனவே செல்லாது என்றது. ஊர் ஒப்புக்கொண்ட தம்பதியைச் சட்டம் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தக் குழந்தைகளின் வாரிசுரிமையும் கேள்விக்குள்ளானது. 1967-இல் அண்ணா ஆட்சியில் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-அ பிரிவு சேர்க்கப்பட்டு, அதற்கு முன்பு நடந்தவையும் செல்லும் என்றானது. மக்கள் முன்னே போக, சட்டம் நாற்பது வருஷம் கழித்து மூச்சிரைக்க வந்து சேர்ந்தது. அந்தப் பிரிவு இன்னும் ஓய்வுபெறவில்லை. வீட்டை எதிர்த்து ரகசியமாக 7-அ பிரிவில் மணம் செய்துகொண்டவர்களின் வழக்கில், பொது அறிவிப்போ விழாவோ கட்டாயமில்லை என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஊரறிய நடத்துவதற்காகப் பிறந்த திருமணம், ஊருக்குத் தெரியாமல் நடத்தவும் உதவுகிறது.

இரண்டாவது, யாழ்ப்பாணத்துத் தேசவழமை. டச்சுக்காரர்கள் 1706-07 காலத்தில், அங்கே நீண்ட காலம் அதிகாரியாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸைக் கொண்டு ஊர் வழக்கங்களைத் தொகுத்து எழுதவைத்தார்கள். பன்னிரண்டு முதலியார்கள் படித்துப் பார்த்துச் சரி என்றார்கள். பரம்பரையாக வந்த சொத்து முதுசம், பெண்ணுக்குக் கொடுத்தது சீதனம், கல்யாணத்துக்குப் பிறகு சேர்த்தது தேடியதேட்டம். சீதனம் வாங்கிக்கொண்டு போன மகள் பெற்றோர் சொத்தில் மேற்கொண்டு உரிமை கேட்க முடியாது என்பது அதில் இருந்த விதி. நம் பத்திர ஆபீஸ் காட்சியின் அச்சடித்த வடிவம் என்றே சொல்லலாம். 1806-இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள்.

எழுதியதும் என்ன ஆகிறது? ஆளுக்கு ஏற்ப, ஊருக்கு ஏற்ப வளைந்த வழக்கம் வளைவதை நிறுத்திவிடுகிறது. அதில் யாருடைய குரல் பதிவாயிற்று என்றால், பன்னிரண்டு முதலியார்களுடையது. பெண்கள் யாரையும் யாரும் கேட்கவில்லை. யாழ்ப்பாணச் சொத்துச் சட்டம் 1911-இல் திருத்தப்பட்டபோதும், திருமணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்க கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்ற ஏற்பாடு நீடித்தது.

பணக்காரன் ஜெயிப்பான் என்று சொல்ல ஒரு துறை எதற்கு?

எப்படி ஜெயிக்கிறான் என்று சொல்வதற்கு. இந்தியாவிலும் ஆய்வு செய்த அமெரிக்க அறிஞர் மார்க் காலண்டர் 1974-இல் ஒரு கட்டுரையில் எளிமையான ஒரு பிரிவினையைச் செய்தார். கோர்ட்டுக்கு வாழ்நாளில் ஒருமுறை வருகிறவர், திரும்பத் திரும்ப வருகிறவர். விபத்தில் கணவனை இழந்த பெண் முதல் வகை, எதிரில் நிற்கும் இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டாம் வகை. கம்பெனிக்கு இது இன்றைய நூறு கேஸில் ஒன்று. தோற்கும் என்று தெரிந்தால் முன்கூட்டியே சமரசம் பேசி முடித்துவிடும், ஜெயித்தால் பின்னாளில் உதவும் என்று தோன்றுவதை மட்டும் மேலே கொண்டுபோகும். அந்தப் பெண்ணுக்கு இது ஒன்றே கேஸ், இந்தத் தொகை ஒன்றே தொகை. நீதிபதி துளியும் பாரபட்சம் இல்லாதவராக இருந்தாலும் தட்டு ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும் என்று காட்டினாரே, அதுதான் அந்தக் கட்டுரையின் பலம்.

கோர்ட்டுக்கே வராதவர்களை எப்படிப் படிப்பது?

அவர்களைத்தான் முதலில் படிக்க வேண்டும். ஒரு கெடுதல் நடந்தால், அது கெடுதல் என்று உணர வேண்டும். பிறகு, விதி என்று விடாமல், இன்னார் செய்தது என்று சொல்ல வேண்டும். பிறகு போய்க் கேட்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஆட்கள் உதிர்ந்துவிடுகிறார்கள்.

போலீஸ் ஸ்டேஷன் வரை போனவர்களும் உதிர்வதுண்டு. தமிழ்நாட்டில் புகார் கொடுத்தால் முதலில் கையில் கிடைப்பது பெரும்பாலும் புகார் வந்து சேர்ந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீதுதான், வழக்குப் பதிவான எஃப்.ஐ.ஆர். இல்லை. பிடியாணை இன்றிக் கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் அந்த ரசீதை வாங்கிக்கொண்டு, "கேஸ் போட்டாச்சு" என்று நம்பி வீட்டுக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். ரசீதுக்கும் எஃப்.ஐ.ஆருக்கும் நடுவில் இன்ஸ்பெக்டர் அறையில் நடக்கும் பேச்சு, எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது.

யாரையெல்லாம் படிக்க வேண்டும்?

பாடத்திட்டம் சமூகவியல் முன்னோடிகளான துர்க்கைம், வெபர், மார்க்ஸ் என்று தொடங்கும். படியுங்கள், கெடுதல் இல்லை. நான் அம்பேத்கரிலிருந்து தொடங்கச் சொல்வேன். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில், அரசியலில் சமத்துவமும் சமூக, பொருளாதார வாழ்வில் ஏற்றத்தாழ்வும் கொண்ட முரண்பாட்டுக்குள் நுழையப் போகிறோம் என்று எச்சரித்தார். தன் கையால் வரைந்த சட்டத்தைப் பற்றி இப்படிப் பேசியவர், இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா கிடப்பில் போடப்பட்டதும் 1951-இல் அமைச்சர் பதவியை விட்டார். சட்டத்தின் பலத்தையும் எல்லையையும் அவரளவுக்கு உள்ளிருந்து பார்த்தவர்கள் குறைவு.

இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?

ஐந்தாண்டு பி.ஏ., எல்.எல்.பி. படிப்பவர்களுக்குச் சமூகவியல் தாள்கள் வரும். தேர்வுக்கு நான்கு நாள் முன்பு படித்துவிட்டு மறக்கப்படும் தாள்கள் அவை. சமூகவியல் எம்.ஏ. வழியாகவும் வரலாம். ஆசிரியப் பணி, ஆய்வு, சட்ட உதவி அமைப்புகள் என்று கொஞ்சம் வாய்ப்பு உண்டு. பெரிய சம்பளத்தை எதிர்பார்த்து வர வேண்டாம்.

கள ஆய்வை எங்கே தொடங்குவது? அனுமதி வேண்டுமா?

நீதிமன்றம் பொதுவாகத் திறந்த இடம். ரகசிய விசாரணை தவிர்த்து யாரும் பின் பெஞ்சில் போய் உட்காரலாம். செல்போனை அணைத்துவிடுங்கள், வக்கீல்கள் வரிசையில் உட்காராதீர்கள். நீதிமன்றங்களின் இணையதளமான இ-கோர்ட்ஸில் ஒரு கேஸின் ஒவ்வொரு வாய்தாத் தேதியும் இருக்கும். இருபது கேஸ்களை எடுத்து, எத்தனை முறை, என்ன காரணத்துக்காகத் தள்ளிப்போயின என்று ஒரு நோட்டில் எழுதினாலே நல்ல தொடக்கம். ஆட்களிடம் பேசும்போது பெயரை எழுதாதீர்கள். வக்கீல் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் ஆலோசனை கேட்டுப் பின்னாலேயே வருவார்கள்.

குமாஸ்தாக்கள், பத்திர எழுத்தர்கள், கோர்ட் வாசல் ஜெராக்ஸ் கடைக்காரர்கள் ஆகியோரை விட்டுவிடாதீர்கள். நீதிபதி மாறுவார், வக்கீல் மாறுவார். இவர்கள் இருபது வருஷமாக அதே இடத்தில் இருப்பார்கள்.

எந்த மொழியில் குறிப்பு எடுப்பது?

கேட்ட மொழியிலேயே. நான் ஆரம்பத்தில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் மாற்றி எழுதி ஒரு மாதக் குறிப்பை வீணாக்கினேன். "அண்ணன் பார்த்துச் செய்யும்னு விட்டுட்டேன்" என்று ஒரு பெண் சொன்னதை, உரிமையைத் துறந்தார் என்ற பொருள் வரும்படி ஆங்கிலத்தில் எழுதிவைத்திருந்தேன். ஒரு வருஷம் கழித்து எடுத்துப் படித்தபோது, அவர் துறக்கவே இல்லை, கடன் கொடுத்திருக்கிறார் என்று புரிந்தது. அண்ணன் பார்த்துச் செய்தாரா என்று கேட்க மறுபடி அந்த ஊருக்குப் போனேன். அந்த அம்மா பால் சொசைட்டியிலிருந்து வந்துகொண்டிருந்தார். "இன்னும் பார்த்துக்கிட்டேதான் இருக்கு" என்றார்.